வலை இழுக்கிற மணலில் சவுக்கு

சாம்பல்தீவுச் சூசைப்பிள்ளைக்கு ஊரில் ஒருவரோடும் ஒத்துவராது. பங்குச் சாமியாரோடு மூன்று வருசமாகக் கதை இல்லை. சொந்த அண்ணன் செத்த வீட்டிலேயே வாசல் படலையோடு நின்றுவிட்டுத் திரும்பினவர். மனைவி மக்டலின் இருந்தவரை எப்படியோ சமாளித்தாள். அவளும் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டாள். மிஞ்சியது மகள் ஐவி, ஒரு கரைவலை, அதை இழுக்கத் தகப்பன் விட்டுப்போன ஒரு துண்டுக் கரை. அந்தக் கரைதான் அவருக்கு உயிர். பங்குனி பிறந்து பத்து நாளைக்குள் வலை போடாவிட்டால், அந்த வருசம் கரை பக்கத்துக்காரனுக்கு என்பது ஊர்க்கட்டு. பக்கத்துக்காரன் அல்பிரட், இவர் எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரியில் கடல் கொந்தளிக்கும், வலை வேலை இல்லை. எழுபத்துமூன்றாம் வருச மாரிக்கும் ஐவியைத் தன் தங்கை றோஸ் வீட்டில் விட்டுவிட்டுத் தோப்பூருக்கு வயல் வேலைக்குப் போனார். அறுப்பு முடிந்து, பங்குனி பிறந்து ஏழாம் நாள் வந்து கரையில் கால் வைத்தால், ஐயோ மாதாவே! கயிறு இழுக்கிற மணல் முழுக்கச் சவுக்கங்கன்று. முந்நூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் ஓலைக்கூடு வேறு. நடுவில் ஒரு பலகை: ‘மாணவர் இயற்கைக் காப்புக் கழகம். கன்றுகளைத் தொடாதீர்.’

தொடாதீராம்! அப்பன் பாட்டன் கயிறு பிடித்த இடத்தில் நேற்றுப் பிறந்ததுகள் பலகை நடுகுதுகள். சூசைப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். கழகத் தலைவன் தங்கத்துரை, பத்தாம் வகுப்புப் பொடியன், முற்றத்தில் அகப்பட்டான்.

“ஆரைக் கேட்டடா நட்டனீங்கள்?”

“அறுபத்திநாலாம் வருசச் சூறாவளிக்குப் பிறகு மணல் ஊருக்குள்ள வருகுது, மாமா. மரம் நிண்டால் காத்தை மறிக்கும். கேக்காமல் நடேல்ல. வலைக்காரர் வீட்டில கேட்டுத்தான் நட்டனாங்கள்.”

“எந்த வலைக்காரன்?”

“உங்கட வீடுதான். ஐவிதான் எங்கட செயலாளர். அந்தக் கரை இனித் தேவையில்லை எண்டு அவதான் சொன்னவ.”

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. சூசைப்பிள்ளை வந்த வழியே திரும்பினார். வீட்டுக்கு வந்தபோது ஐவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“எடி, நீயோ சொன்னனி?”

“ஓம், நான்தான் சொன்னனான்.” தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “போன வருசம் வலை போட்ட நாளிலயிருந்து நெத்தலி காயப்போட்டனான். சோதினை எழுதவும் நீங்கள் விடேல்ல. வலை இல்லாட்டித்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடம் சோறு போடுமோ? பெத்த அப்பன்ர வயித்தில அடிச்சிட்டியேடி, சண்டாளி!”

அடிக்கக் கை ஓங்கினார். அவள் அசையவில்லை. ஓங்கின கை தானாகக் கீழே வந்தது.

“நாளைக்கு ஒரு கன்று அங்க நிக்காது, பார்.”

“பிடுங்குங்கோ. நெத்தலிக்கு வேற ஆள் பாருங்கோ.”

விடிந்ததும் பிடுங்கினார். ஓலைக்கூடுகளை மிதித்துக்கொண்டு, வாயில் வந்த தூசணமெல்லாம் சொல்லிக்கொண்டு பிடுங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்து கன்றுகளை ஈரச் சாக்கில் பொறுக்கினார்கள். ஐவியும் பொறுக்கினாள். தகப்பன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எல்லாரும் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட முற்றத்தில் திருப்பி நடப் போனார்கள்.

வலை போட்டார், கரை அவருக்கே நிலைத்தது. முதல் இழுப்பிலேயே நெத்தலி குவிந்தது. கயிறு பிடித்தவர்கள் தங்கள் பங்கை அள்ளிக்கொண்டு போனபிறகு, குவியலோடு அவர் மட்டும் நின்றார். றோசுக்கு ஆள் அனுப்பினார். “பிள்ளையைப் படிக்க விடாதவனுக்கு நான் மீன் காயப்போடுறேல்ல” என்று பதில் வந்தது. வெயில் ஏறியது. தனிக்கையால் பரப்பிப் பரப்பி முதுகு விட்டுப்போனது. அடியில் கிடந்த மீன் வயிறு வெடித்து நாறத் தொடங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு, தண்ணீர் அள்ள ஐவி வாளியோடு கரையால் வந்தாள். சூசைப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டார்.

“பிள்ளை, கொஞ்சம் கை குடன்.”

“ஏலாது, அப்பா. பள்ளிக்கூடத்தில நட்ட முந்நூறு கன்றுக்கும் தண்ணி விடோணும்.”

நிற்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.