மூன்றாவது வரிசையில் நான் இழுத்த பெல்ட்

ஒரகடம் கூட்டு ரோடு முள்ளுக்காடாக இருந்த காலத்தில் நாலு மூங்கிலை நட்டு டீக்கடை போட்டவன் நான். இங்கே எவன் டீ குடிக்க வருவான் என்று சிரித்தார்கள். ரோடு அகலமானபோது கடை போயிற்று. பின்னால் தள்ளி மெஸ் வைத்தேன், மூன்று கம்பெனிகளுக்கு இரண்டு ஷிப்டுக்கும் சாப்பாடு அனுப்பினேன். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்த்தவர் தண்ணீரே வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டேன். இன்றைக்கும் எங்கள் தெருவுக்கே அந்தத் தண்ணீர்தான். தெற்கத்திப் பிள்ளைகள் தங்குவதற்குப் பதினான்கு ரூம் கட்டினேன். பிளான் போட்டது நான், இன்ஜினியர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். மகனை டிப்ளமோவும் மகளை டிகிரியும் படிக்கவைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. என் வீட்டில் ஒப்புக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான். வாசலில் நிற்கிற எட்டு சீட்டு வண்டியைத் தேர்ந்தெடுத்தது யார் என்கிற விஷயம். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி வேண்டும் என்று கேட்டவள் என் மனைவி. ஒரு விசேஷம் என்றால் மகன் குடும்பம் அவனுடைய சின்ன காரில் போகும். முட்டி ஆபரேஷன் ஆன இவளை அதிலேயே காலை மடக்கி உட்காரவைப்பார்கள். மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு பைக்கில். நான் பஸ்ஸில். இவள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எங்கே வருகிறீர்கள், எங்கே வருகிறீர்கள் என்று கேட்பதற்குள் மண்டபம் வந்துவிடும். இரண்டு கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லாரும் ஒண்ணா போற மாதிரி ஒரு வண்டி வாங்குய்யா. இல்லாங்காட்டி நான் எங்கியும் வரல" என்றாள்.

வாலாஜாபாத்தில் என் தம்பி மகன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வந்துகொண்டிருந்தது. அதற்குள் வாங்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

புது வண்டிகளைப் போய்ப் பார்த்தோம். மூன்றாவது வரிசை என்று எதையோ காட்டினார்கள். அதில் ஸ்கூல் பை உட்காரும், மனுஷன் உட்கார முடியாது. எனக்குப் பிடித்தது பழைய மாடல் ஒன்று. பின்கதவு பீரோ மாதிரி திறக்கும், கடைசி சீட்டிலும் காலை நீட்டி உட்காரலாம். கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

"நிறுத்துன வண்டிக்குப் பார்ட்ஸ் கெடைக்காதுப்பா" என்றான் மகன்.

"இந்த ரோட்ல திரும்புன பக்கமெல்லாம் பார்ட்ஸ் கம்பெனி. உனக்கு ஒரு போல்ட்டு கெடைக்காதா?" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். மற்ற ஊர்களில் பழைய வண்டி வாங்கப் போனால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் போய்விட்டது. வீட்டுக்கு ஒருவன் வண்டிக் கம்பெனியில் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு? என் மகன் கதவு மாட்டுகிற லைனில் இருக்கிறான். மருமகன் பெயின்ட் ஷாப். என் ரூமில் குடியிருக்கிற தென்காசிப் பையன் ஒருவன் சீட் போல்ட் முடுக்குகிறவன், அவனும் வந்தான்.

நாங்கள் தேடிய மாடலில் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை, பளபளவென்று. இன்னொன்று பழுப்பு நிறம். மகன் வெள்ளை வண்டியின் கதவிடுக்குகளில் விரலை ஓட்டிப் பார்த்தான், எல்லாம் ஒரே அளவு, அடிபடாத வண்டி என்றான். மருமகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கிறது என்றார். தென்காசிப் பையன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு எடுத்து, "நல்லாருக்கு அய்யா" என்றான். பழுப்பு வண்டியில் ஒரு கதவு மறுபடி பெயின்ட் அடித்தது, இடுக்கும் ஒரு பக்கம் அகலம். அதை ஒதுக்கிவிட்டார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. "நெழல்ல போய் உக்காருப்பா" என்றான் மகன். அங்கே நிழல் என்று இருந்தது வெள்ளை வண்டியின் உள்ளேதான். மூன்றாவது வரிசையில் ஏறி உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை, பெல்ட்டை இழுத்தேன். எங்கள் பக்கம் முன்சீட்டிலேயே போலீஸைப் பார்த்தால்தான் பெல்ட் போடுவார்கள். கடைசி சீட்டு பெல்ட்டை யாரும் தொடுவதில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து விற்பவனும் தொடுவதில்லை.

ஒரு முழம் சுத்தமாக வந்தது. இன்னும் இழுத்தேன். அதற்கு மேல் குறுக்கே ஒரு கோடு, அதன் பிறகு முழுக்கச் செம்மண் நிறம். மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஏரிச் சேறு. வெள்ளம் வந்த வருஷம் என் மெஸ் வேன் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. சீட்டு மாற்றினேன், மேட் மாற்றினேன், பெல்ட்டில் மட்டும் அந்த வாடை போகவே இல்லை. படித்து வருகிற அறிவு இல்லை இது.

விற்கிறவரைக் கூப்பிட்டேன். "இன்னாபா இது?"

"தூசி பெரியவரே. வண்டி கொஞ்ச நாளா நிக்குது இல்ல."

"தூசி ஸ்கேல் வெச்சி கோடு போடுமா?"

மகன் வந்து இழுத்துப் பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

"பெயின்ட்ல ஒண்ணுமே தெரியல மாமா" என்றார் மருமகன்.

"தண்ணி பெயின்ட்ட இன்னா மாப்ள பண்ணும்? தெனம் தான வண்டிய கழுவுறோம்?"

தென்காசிப் பையனைப் பார்த்தேன். "நீ சீட்டுக்கு அடியிலயே தலைய வுட்டியேப்பா?"

"முன் சீட்டு பாத்தேன் அய்யா. பின் சீட்டு லைன்ல எனக்கு அடுத்த ஆளு முடுக்குற ஸ்டேஷன்லா" என்றான். விற்கிறவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நேராகப் பழுப்பு வண்டிக்குப் போனேன். எட்டு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்தேன், எட்டும் கோடே இல்லாமல் ஒரே நிறம். மேட்டைத் தூக்கினேன், துருவே இல்லை. கதவில் மட்டும் ஒரு ஆட்டோ இடித்ததாம்.

"கேப் ஜாஸ்தியா இருக்கேப்பா" என்று மகன் மறுபடி ஆரம்பித்தான்.

"கேப்ல எவன்டா உக்காரப் போறான்?" என்றேன். இதுதான் வண்டி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து இன்ஜினைப் பார்த்துச் சரி என்றார். வாங்கியாயிற்று.

புதுமனை புகுவிழாவுக்கு எட்டுப் பேரும், மகளின் மடியில் குழந்தையும் ஒன்றாகப் போனோம். என் மனைவி நடு வரிசையில் ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். வாலாஜாபாத் வரும் வரை அவள் போனைத் தொடவில்லை. "யாருக்கும் போன் போட வேல இல்ல பாரேன்" என்று ஒருமுறை திரும்பி என்னிடம் சொன்னாள். மூன்றாவது வரிசையில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே போய் இறங்கியதும் சொந்தக்காரர்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். மகன் விளக்கினான். "நாங்க மூணு பேரு, மூணு டிபார்ட்மென்ட். கதவு, பெயின்ட், சீட்டுனு பிரிச்சி செக் பண்ணோம்."

"படிச்ச பசங்க வூட்ல இருந்தா இதான் லாபம்" என்றார் என் மைத்துனர்.

என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு வருவதற்குள் எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"நீயும்தான கூட வந்த, யாரு இல்லன்னா?" என்றான் மகன்.

"வுடுய்யா. வண்டி வந்துச்சி இல்ல?" என்றாள் இவள்.

விட மாட்டேன். ஆர்.சி. புத்தகம் மகன் பேரில் இருக்கட்டும். ஸ்டீயரிங்கை அவனும் மருமகனும் மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும்: நாங்கள் மூன்று பேரும் தண்ணீரில் முங்கிய வண்டியை எடுக்கப் பார்த்தோம், இதை எடுத்தது அப்பா. ஒரு வார்த்தை குறையக் கூடாது. நீயும் கூட வந்தாய் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது. கூட வந்தது நீங்கள்.