பன்னிரண்டாம் கேள்வி

தெருவில் எல்லோரும் அவளைக் கேள்விக்காரி என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. என்ன சோப்பு போடுகிறீர்கள், வீட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று அவள் கேட்காத கேள்வி இல்லை. கதவைப் பாதி திறந்து, "ஒண்ணும் வேண்டாம்" என்கிறவர்கள்கூட அவளிடம் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் விடமாட்டார்கள்.

"ஊர் வாயையெல்லாம் பிடுங்குற, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குற" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் கேலி செய்வான்.

"உங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்க என்ன இருக்கு?" என்பாள்.

அந்த வருடம் வந்தது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பு. ஏழை நாடும் பணக்கார நாடுமாகப் பன்னிரண்டு நாடுகளில் ஒரே படிவம். பதினோராம் கேள்வி, அமெரிக்காவைப் பிடிக்குமா? பிடிக்காது என்றால் பன்னிரண்டாம் கேள்வி, ஏன்? அதற்கு நான்கே கட்டங்கள்: செல்வத்தின் மேல் பொறாமை, மதம், அறியாமை, பத்திரிகைகளின் தூண்டுதல். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

முதல் நாள் சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு. கோழி வளர்த்துக்கொண்டிருந்த பெண். கோழிக் கொட்டகையில் இப்போது பழைய சைக்கிள்கள் நின்றன. அமெரிக்காவைப் பிடிக்காது என்றவள், நான்கு காரணங்களையும் கேட்டுவிட்டு, "இதுல நான் எது?" என்றாள்.

"நீங்களே சொல்லுங்க."

"முந்நூறு கோழி வெச்சிருந்தேன். கப்பல்ல உறைஞ்ச கோழிக்கால் பெட்டி பெட்டியா வந்து இறங்குச்சு. நான் தீவனத்துக்குக் குடுக்குற காசுக்கு அவங்க கறியே விக்கிறாங்க. அவங்களுக்கு நெஞ்சுக்கறிதான் பிடிக்குமாம், காலு மிச்சமாம். அந்த மிச்சத்தைக் கொண்டாந்து கொட்டி என் வயித்துல அடிச்சிட்டாங்க."

"அந்த ஊரு ஜனங்க மேலயும் கோபமா?"

"ஜனங்க என்ன பண்ணுவாங்க? என் பையன் அவங்க பாட்டைத்தான் பொழுதன்னிக்கும் கேக்குறான். நல்லாத்தான் இருக்கு."

கேள்விக்காரி டிக் போடவில்லை. படிவத்தைத் திருப்பி, அவள் சொன்னதை அப்படியே பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பெரிய வீடுகள் இருக்கும் தெரு. துறைமுக வேலைக்காக வேறொரு பணக்கார நாட்டிலிருந்து வந்து எட்டு வருடமாகக் குடியிருக்கும் என்ஜினியர். நம் மொழியைத் தட்டுத் தடுமாறாமல் பேசினார்.

"பொறாமையா? எங்க ஊர் ஆஸ்பத்திரி அவங்களுதைவிட நல்லா இருக்கும்மா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சண்டைக்குப் போகலாமா வேண்டாமான்னு எங்களைக் கேக்கவே இல்லை. நாளைக் குறிச்சுட்டு, எத்தனை பேரை அனுப்புவீங்கன்னுதான் கேட்டாங்க. பேரு மட்டும் கூட்டாளி. என் தம்பி போனான். ஒரு கால் இல்லாமத் திரும்பி வந்தான்."

அதையும் எழுதிக்கொண்டாள். விசாவுக்கு இரண்டு வருடம் காத்திருந்து, மூன்று நிமிஷத்தில் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பப்பட்ட நர்ஸ். நாங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை அவர்கள் கவிழ்த்தார்கள் என்று இன்னமும் குமுறும் பள்ளி வாத்தியார். பிடிக்கும் என்றவர்களும் நிறையப் பேர். அவர்கள் சொன்னதையும் ஒரு சொல் மாற்றவில்லை.

படிவங்களைப் பார்த்த மேற்பார்வையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா, கட்டமெல்லாம் காலியா இருக்கு?"

"அவங்க சொன்னது அந்தக் கட்டத்துல அடங்கல சார்."

"ஏதாவது ஒண்ணுல போட்டுத் தள்ளு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"நாளைக்கு அமெரிக்காவுலேர்ந்து பேராசிரியர் வர்றாங்க. என் மானத்தை வாங்காதே."

அவள் அசையவில்லை. சொல்லாத பதிலை ஒருநாளும் எழுதியவள் இல்லை.

மறுநாள் மாடி அறையில் கணக்கெடுப்பவர்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்த பேராசிரியர் அம்மா நேராகக் கட்டம் காலியாக இருந்த படிவங்களைத்தான் எடுத்தார். ஏன் இப்படி என்றார். மொழிபெயர்க்க வேண்டியவர் மேற்பார்வையாளர். கேள்விக்காரி எழுந்து ஐந்து நிமிஷம் பேசினாள். அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார்.

"அப்படியே சொல்லுங்க சார்" என்றாள் கேள்விக்காரி.

மேற்பார்வையாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். அவள் ஒவ்வொரு படிவமாகத் திருப்பிப் படித்தாள். கோழிக்கால் வந்தபோது பேராசிரியரின் பேனா நின்றது. என்ஜினியரின் தம்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்த நாலு கட்டத்தையும் எழுதினப்போ, பிடிக்காதவங்க ஒருத்தரையாவது கேட்டீங்களான்னு கேளுங்க சார்."

"இதையுமா?"

"இதையும்தான்."

மேற்பார்வையாளர் கேட்டார். பேராசிரியர் இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"மேடம், நான் சும்மாதான் டிக் போட்டேன்" என்றான் பின்வரிசையில் ஒருவன். "நானும்" என்றாள் இன்னொருத்தி. அவர்கள் காதில் விழுந்து, எழுதாமல் விட்டதெல்லாம் வெளியே வந்தது. மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. பேராசிரியர் ஒரு நோட்டை எழுதியே தீர்த்துவிட்டார்.

"நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்பீர்கள்?" என்று கடைசியில் கேள்விக்காரியிடம் கேட்டார்.

"அந்த நாட்டால உங்க வீட்டுல ஏதாவது மாறியிருக்கா, சொல்லுங்கன்னு கேப்பேன். கீழ பத்துக் கோடு விட்டுடுவேன்."

இரண்டு மாதத்தில் பன்னிரண்டு நாடுகளுக்கும் புதுப் படிவம் போயிற்று. பன்னிரண்டாம் கேள்வி அவளுடையது, எழுத்துப் பிசகாமல். புதிதாக வந்த முப்பது பேருக்கு அவள்தான் பயிற்சி கொடுத்தாள். அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் அதே மேற்பார்வையாளர்.

அடுத்த வருடம் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. பணக்கார நாட்டுப் பதில்களையும் ஏழை நாட்டுப் பதில்களையும் கலந்து வைத்தால் பல இடங்களில் எது எவருடையது என்று தெரியவில்லையாம். 'எங்களை யாரும் கேட்கவில்லை' என்ற வரி எல்லா மொழியிலும் இருந்ததாம். அந்த அறிக்கையைத் தங்கள் நாட்டுச் சட்டசபைக் குழுவின் முன் படித்தபோது, ஓர் உறுப்பினர் அந்த வரி இருந்த பக்கத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். அறிக்கையின் முகப்பில் நன்றி சொல்லியிருந்த முதல் பெயர் கேள்விக்காரியுடையது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கணவனின் பஸ்ஸில், முன் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். ஏறுகிறவர்களிடமெல்லாம், "என் சம்சாரம். அமெரிக்காவையே கேள்வி கேட்டவங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அவள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி கேட்டதும், கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்துக் கொடுத்தாள்.