முன்சீட்டும் கற்பூரத் தட்டும்

என் அப்பா வாமதேவனுக்கு லண்டன் மோர்டனில் ஒரு பேக்கரியில் வேலை. தனக்கென்று இரண்டு சோடி சப்பாத்துக்கு மேல் வாங்காத மனிதர். ஆனால் ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு 2001இல் லண்டனுக்கு வந்தபோது, ஒரு பழைய சிவப்பு மஸ்டாங்கையும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஞாயிறு தவறாமல் அதைக் குளிக்கவார்ப்பார். என் தலையை ஒருநாளாவது துவட்டிவிட்டவர் இல்லை.

அந்தக் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் லண்டனில் டிரைவர் இருக்கவேண்டிய வலப்பக்கத்தில் நான் இருப்பேன். பத்து வயதுப் பிள்ளை கார் ஓட்டுகிறது என்று பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வாயைப் பிளக்கும். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவேன். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். வேறு எதற்கும் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்தச் சீட் என்னுடையது.

2004இல் மச்சாள் லக்‌ஷிகாவுக்குச் சாமத்தியவீடு. அவள் என் அப்பாவின் தங்கை நகுலேஸ்வரி மாமியின் மகள், என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். அந்த நாட்களில் பெரியபிள்ளையான பெட்டைகளை லிமோசினிலும் குதிரைவண்டியிலும் ஹோலுக்குக் கொண்டுவருவார்கள். மாமிக்கு அண்ணனின் கார்தான் வேண்டுமாம். அப்பா உடனே ஓமென்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவள் சேலையும் ஒட்டியாணமுமாக என் சீட்டில் ஏறினாள். எனக்குப் பின்சீட், மடியில் கற்பூரத் தட்டு. கோலியர்ஸ் வுட் ஹோல் வரை அவளுடைய தலைப் பூவைத்தான் முறைத்துக்கொண்டு போனேன். சிக்னலில் ஒரு கிழவர் வாயைப் பிளந்தார். லக்‌ஷிகா, என்னிடம் பார்த்துப் பழகியதுதான், இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அப்பா சிரித்தார். அதே சிரிப்பு. நாசமாய்ப் போனவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஹோல் வாசலில் டயர்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மாமி கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை என் கையில் தந்து, காருக்கு மூன்று தரம் காட்டிவிட்டு நிலத்தில் வைக்கச் சொன்னார். எல்லோரும் லக்‌ஷிகாவுக்கு ஆலாத்தி எடுக்கப் போனார்கள். நான் மூன்று தரம் காட்டினேன். பிறகு எரிகிற தட்டைப் பொனெட்டின் மேல் வைத்தேன். கைதவறி அல்ல, தெரிந்துதான் வைத்தேன். தட்டை எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பொக்களித்திருந்தது.

முதலில் கண்டது மாமிதான். யார் பார்த்த வேலை என்று சத்தம் போட்டார். அப்பா பொனெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டு இன்னும் என் கையில் இருந்தது.

"நான்தான் அதிலை வைக்கச் சொன்னனான். பிள்ளையைப் பேசாதை" என்றார் மாமியிடம்.

வீட்டுக்குப் போய் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் காரைக் குளிக்கவார்த்தார். அந்த வடு இருந்த இடத்தை மட்டும் மெதுவாக ஒற்றித் துடைத்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அடுத்த வருடம் என்னுடைய சாமத்தியவீடு. அப்பா காலையிலேயே காருக்கு மாலை கட்டினார். நடுவில் கட்டவேண்டியதை ஒரு பக்கமாக, வடுவுக்கு மேலே கட்டினார். ஏன் இந்தக் கோணல் என்று அம்மா கேட்டார். இதுதான் வடிவு என்று சொல்லிவிட்டு, அப்பா எனக்குக் கதவைத் திறந்தார்.

"ஏறு பிள்ளை. உன்ரை சீட்."

ஏறினேன். பின்சீட்டில் லக்‌ஷிகா, அவள் மடியில் கற்பூரத் தட்டு. கண்ணாடியில் பார்த்தேன். என் தலைப் பூவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

"லக்‌ஷிகா, அந்தத் தட்டை இங்கை தா."

சிக்னலில் சனம் வாயைப் பிளந்தது. அப்பா சிரிக்கத் தயாராக என் கைகளைப் பார்த்தார். நான் தூக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.