எழுபத்தைந்து மில்லி கோர்டியல்

அந்த ஞாயிறு வகுப்புக்கு வந்தவர்கள் மூவர் — ரிஸ்னா, யோகேஸ், செல்வராணி. வராதவர் பிரதீப். 'நாளைக்கு டெஸ்ட்' என்று சனிக்கிழமை மெசேஜ் போட்டிருந்தேன். விடிவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கொடகவெலவில் நான் வேலை பார்க்கும் பார்மசியின் மேல்மாடியில், மருந்தாளர் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு ஞாயிறு தோறும் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் கொப்பியோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்படி ஒன்றில்தான் சொன்னார்கள் — கடைசிப் பரீட்சை தீர்ப்பு மட்டும்தான் சொல்லும். இடையிடையே மார்க் போடாமல் சின்னச் சின்னதாகச் சோதித்துப் பாருங்கள். யாருக்கு எங்கே இடறுகிறது என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று.

எவ்வளவு நல்ல யோசனை. கேட்டவுடன் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள், இல்லையா?

"மார்க்ஸ் இல்லயா சேர்? அப்ப என்னத்துக்கு எழுதுற?" என்றார் ரிஸ்னா.

"தெரிஞ்சிக்கிறதுக்கு."

"மார்க் போடாம எப்படிங்க சேர் தெரிஞ்சிக்கிறது?" இது யோகேஸ்.

கேள்வித்தாளைக் கொடுத்தேன். ஒரே கேள்வி. பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. ஐந்து மில்லி பாணி மருந்தில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு எத்தனை மில்லி கொடுப்பீர்கள்?

விடை ஏழரை. மூவரும் ஏழரை. பெருமை தாங்கவில்லை எனக்கு... தாள்களை அருகருகே வைக்கும் வரை. ரிஸ்னா முதலில் 7.8 என்று எழுதி, வெட்டிவிட்டு, 7.5 என்று மாற்றியிருந்தார். மற்ற இருவரும் 7.8 என்று எழுதி, வெட்டிவிட்டு, 7.5 என்று மாற்றியிருந்தார்கள்.

மார்க்கே இல்லாத டெஸ்டில் காப்பி எதற்கு?

"நான் சோம்பேறித்தனத்துல பார்த்தேன் சேர்," என்றார் யோகேஸ். "ஆனா செல்வராணி அக்காவுக்கு நாங்களாத்தான் காட்டுனோம். கொறைஞ்சிரக் கூடாதுல்ல? ஒரு கை அள்ளிப் போட்டோம்."

இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் முழு நாள் உழைப்புக்கும் 'அரைப் பேர்' — பாதிச் சம்பளம். நிறுக்கும் இடத்தில் ஒருத்திக்குக் குறையும் என்று தெரிந்தால், பக்கத்து நிரையில் நின்றவள் தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அவளுக்குப் போட்டுவிடுவாள். என் அம்மா போட்டிருக்கிறார், வாங்கியும் இருக்கிறார். அந்தப் பிள்ளைகளிடம் போய்க் காப்பியடிப்பது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் செல்வராணி ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். என்னைவிட வயதில் மூத்தவர். மேல்மாடியில் மட்டும்தான் நான் சேர். "இந்தத் தடவையும் போச்சுனா கார்மெண்ட் ஃபெக்டரிதான் சேர்," என்றார் தலையைக் குனிந்தபடி. "அண்ணன் ஃபோம் எல்லாம் வாங்கி வச்சிட்டாரு."

ஒரு வருடமாக அவருடைய கொப்பி முழுக்கச் சரி போட்டுத் தள்ளியவன் நான். எல்லாம் அடுத்தவர் அள்ளிப் போட்ட கொழுந்து. அந்தத் தாளில் இடறியது செல்வராணி மட்டும்தானா?

அடுத்த ஞாயிறு தாளும் இல்லை, பேனாவும் இல்லை. தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டிப் பானமான ஒரேஞ்ச் கோர்டியல் ஒரு போத்தல், ஓர் அளவுச்சாடி, மூன்று கிளாஸ். ஆளுக்கொரு எடையில் ஒரு குழந்தை, மருந்து மட்டும் அதே. மனக்கணக்காகப் போட்டு, அளந்து ஊற்ற வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை — அளந்ததை அவரவரே குடிக்க வேண்டும். தண்ணீர் கலக்காமல்.

எட்டுக் கிலோ குழந்தைக்கு யோகேஸ் ஐந்து மில்லி ஊற்றி, நக்கிவிட்டு உட்கார்ந்தார். பதினாறு கிலோவுக்கு ரிஸ்னா பத்து. செல்வராணிக்குப் பழைய பன்னிரண்டு கிலோதான். உதடு அசைய அசையக் கணக்குப் போட்டார். ஊற்றினார்... ஊற்றிக்கொண்டே இருந்தார். எழுபத்தைந்து மில்லி.



"சேர், பாதி நான் குடிச்சிர்றேன்," என்றார் யோகேஸ்.

"அக்காவுக்கு ஏலா போல ஈக்கி சேர். எனக்கும் கொஞ்சம் தாங்களேன்," என்று ரிஸ்னா கிளாஸை நீட்டினார்.

"ஒருத்தரும் தொடக்கூடாது," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

செல்வராணி குடித்தார். முதல் மடக்கில் கண் சுருங்கியது. இரண்டாவதில் தண்ணீர் வந்தது. பாதியில் கிளாஸை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சேர்... எனக்கே முடியல. பன்னெண்டு கிலோ புள்ள இதை எப்படிக் குடிக்கும்?"

"குடிக்குமா?"

"குடிக்காது. மருந்து போத்தலே நூறு மில்லிதானே. ஒரு வேளைக்கே முக்கால் போத்தல் போயிருமே." கொஞ்சம் யோசித்தார். "புள்ளி எங்கயோ தப்பிருச்சு சேர்."

அவராகவே கரும்பலகைக்குப் போனார். எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம். ரிஸ்னாவும் யோகேஸும் உதவி செய்யாமல் உட்கார்ந்திருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பரீட்சை எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை அது.

பரீட்சை முடிந்த அன்று செல்வராணி ஃபோனில் கோல் எடுத்தார். "ஒரு கணக்குல அறுபது மில்லி வந்திச்சு சேர். அந்த இனிப்பு அப்படியே தொண்டைக்கு வந்திருச்சு. வெட்டிட்டுத் திரும்பப் போட்டேன். ஆறு."

போன வியாழன் ரிசல்ட். பாஸ். அண்ணன் அந்த ஃபோமைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"கோர்டியல் என்ன வெல சேர்? நான் தந்திர்றேன்," என்றார். வேண்டாம் என்றேன், விடவில்லை. விலையைச் சொன்னேன்.

"மொத ரெண்டு தடவைக்கும் கட்டுன ஃபீஸ்ல எத்தனை போத்தல் வாங்கியிருக்கலாம் சேர்..."

ஒரு போத்தல் எழுநூற்றைம்பது ரூபாய்.