பிலோமியின் தொண்டைக்கு ஊரே வைத்தியம் பார்த்த கதை

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், இங்கே புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் பேசுவேன். பிலோமி பேசமாட்டாள். காப்பி வேண்டுமா என்று கேட்க டம்ளரைத் தூக்கிக் காட்டுவாள். மூத்தவன் சேட்டை பண்ணினால் கரண்டியைக் காட்டுவாள். என்மேல் கோபம் என்றால்... அதற்குக் கையே வேண்டாம், கண் போதும்.

சண்டை எல்லாம் இல்லை சாமி. தொண்டைக்கு ஓய்வு! பெரிய வெள்ளியன்று சாயங்காலம், ஜனங்கள் வரிசையாகப் போய் சிலுவையை முத்தமிடுகிற நேரத்தில், கோயிலில் தனியாகப் பாடப்போகிறாள் என் மனைவி.

கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயிலுக்கு பிலோமியின் குரல்தான் குரல். லத்தீன் போய் தமிழில் பூசை வந்த புதிதில், தமிழ்ப் பாட்டு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவளை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். பிறகுதான் பாட்டுக்குழு நிற்கிற மாடியைத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இரண்டு பிள்ளை பிறந்தது. பாட்டுக்குழுவை நடத்துகிற ரொசாரி மாஸ்டர் ஒருநாள், "மேல போறப்ப குரல் கிழியுதும்மா. முந்தி மாதிரி இல்ல" என்றார். தனிப்பாட்டெல்லாம் வேறொரு சின்னப் பெண்ணுக்குப் போனது. பிலோமி பின்வரிசைக்குப் போனாள். வீட்டுக்கு வந்தாள். மீனை ரொம்ப நேரம் கழுவினாள்.

இந்த வருஷம் அந்தச் சின்னப் பெண் கல்யாணமாகி ஆறுமுகநேரிக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் பிலோமியைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை பாரு. சரியா வரலைன்னா பின்வரிசையிலேயே நின்னுக்கோம்மா. மனசுல வச்சுக்கிடாத." மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

அன்று ஆரம்பித்தது வைத்தியம். மளிகைக்கடை அண்ணாச்சி பனங்கற்கண்டும் மிளகும் கட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் அதிமதுரம். என் ஆபீஸில், புது ஹார்பருக்கு வந்த கப்பலின் சரக்குக் கணக்கை விட்டுவிட்டு, பச்சை முட்டையா அரை வேக்காடா என்று ஒரு மணி நேரம் விவாதம். தயிர் கூடாது, ஊறுகாய் கூடாது, பழஞ்சோறு கூடவே கூடாது. அவளுக்குக் கூடாததெல்லாம் எனக்கும் கூடாது என்று ஆகிவிட்டது. நான் என்ன பாடவா போகிறேன்?

உச்சம், என் மச்சினன். பிலோமியின் தம்பி. சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கி வருகிற ஆள்.

"பாட்டுன்னா என்ன அத்தான்? மூச்சுதான? எங்கிட்ட விடுங்க" என்று ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அக்காவின் தலையை அதில் முக்கச் சொல்லிவிட்டான்! அவளும் முக்கினாள். எழுந்தாள். பாட வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"ஏலே, நீ மூச்ச அடக்கத்தான சொல்லிக்குடுக்க? பாடணும்னா விடணும்லாலே!" என்றேன். இத்தனை நாள் இது அவனுக்குத் தோன்றவே இல்லை. மூச்சடக்கத் தெரிந்தால் பாட்டு வரும் என்றால் இந்த ஊரில் சங்கு குளிக்கிறவன் எல்லாம் மேடை ஏறியிருக்க வேண்டாமா?

ஒத்திகையெல்லாம் ஆர்மோனியத்தோடு நடந்தது. மாஸ்டர் சுருதியைப் பழைய கட்டையிலேயே, கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாடிய அதே உயரத்திலேயே பிடிப்பார், இவள் நரம்பு புடைக்க எட்டிப் பிடிப்பாள். ஆனால் பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆர்மோனியம் கிடையாது. மணிகூடக் கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் இறந்த நாள். ஆர்மோனியப் பெட்டியை முந்தின ராத்திரியே துணி போட்டு மூடிவிட்டார்கள். சுருதி கொடுக்க ஆளில்லை. அவளாகத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தாள். பயத்தில், பழைய கட்டைக்கும் மேலே எடுத்துவிட்டாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். மூன்றாவது வரி ஏறும். இவள் முதல் வரியிலேயே மேலே நிற்கிறாள். இனி எங்கே ஏற? மடியில் சின்னவளை வைத்துக்கொண்டு, ஆண்டவரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள்.

கோயில் நிறைய ஜனம். முன்னால் நின்ற ஒரு அம்மா மாடியைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, பின்வரிசைதான் என்று நினைத்தேன்.

அப்போது மறுபடியும் பாட்டு வந்தது. முதல் வரியிலிருந்து. ரொம்பக் கீழே... தணிந்து, நிதானமாக. மூன்றாவது வரி வந்தது. அவசரமில்லாமல் ஏறி, அவசரமில்லாமல் இறங்கினாள். பல்லவிக்கு வந்தபோது மீன் விற்கிற பெண்கள் கூடச் சேர்ந்தார்கள், பிறகு ஆண்கள், பிறகு மொத்தக் கோயிலும். பாட்டுக்குழு பாடும், நாங்கள் கேட்போம் என்பதுதான் அதுவரை வழக்கம். அந்த உயரத்துக்கு எங்களால் வரமுடியாதே! அன்றைக்கு எங்கள் தொண்டைக்கு எட்டும் இடத்தில் பாட்டு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை, சொல்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏளா, பயந்துட்டியா?"

"பயம் இல்லாம இருக்குமா?"

"பொறவு எப்படி அந்தச் சுருதி கிடைச்சுது?"

"சின்னவளத் தூங்க வைக்கப் பாடுதேன்லா... அதுக்கு என்ன ஆர்மோனியமா வச்சிருக்கு? அந்தச் சத்தத்துக்கு எறங்கிட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "எல்லாரும் குரல் போயிட்டு, குரல் போயிட்டுன்னு சொன்னிய. எங்கயும் போகல. வீட்டுலதான் கெடந்துச்சு" என்றாள்.

குரலை நல்லாக்குவது என்றால் பழைய குரலைப் பிடித்து இழுத்து வருவது என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். புதிதாக ஒன்று வந்திருப்பதை யார் கேட்டார்கள்? சின்னவள் மட்டும்தான், தினமும்.

ஈஸ்டர் பூசைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். ரொசாரி மாஸ்டர் ஆர்மோனியத்தைத் திறந்தார். வழக்கமான கட்டையில் விரலை வைத்தவர், அழுத்தவில்லை. பிலோமியைப் பார்த்தார்.

"சுருதிய எங்கனம்மா பிடிக்கட்டும்?"

அவள் யோசிக்கவே இல்லை.

"நீங்க கீழ வாங்க மாஸ்டர்."