அப்பாவின் ரிங்டோன்

அப்பாவின் ஃபோன் அடித்தால் சேலையூரில் எங்கள் தெருவுக்கே கேட்கும். அடிப்பது மணி அல்ல, என் மகளின் மழலை. நாங்கள் அமெரிக்காவில் இருந்தபோது ஒருநாள் அவள் கரடி பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு என்னவோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். அதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா, அத்தை என்று ஒருவர் விடாமல் உருகினார்கள். அப்பா ஒரு படி மேலே போய், ஃபோன் கடைக்காரரைப் பிடித்து அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். சிலிண்டர் வந்திருக்கிறது என்று கூப்பிட்டாலும் பேத்தி குரல்தான், லோன் வேண்டுமா என்று யாராவது உயிரை எடுத்தாலும் பேத்தி குரல்தான்.

அந்தப் பேத்தி நேரில் வந்து இறங்கியதும் வாயே திறக்கவில்லை.

என் கணவருக்குக் கேளம்பாக்கத்துக்கு வேலை மாறியது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டோம். மூன்றரை வயதுக் குழந்தை. பசித்தால் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் பக்கம் இழுப்பாள், அவ்வளவுதான். 'புது இடம், சரியாகிடும்' என்றவர்கள் இரண்டு மாதம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி என்னிடமே, "காது கேக்குதாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் அவர் இப்போது எங்கள் பக்கம் திரும்புவதே இல்லை. ஆனால் மறுவாரமே காதுக்கும் டெஸ்ட் எடுத்தேன். காது நன்றாகவே இருந்தது. கேம்ப் ரோட்டில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், "வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள், இங்கிலீஷைக் கலக்காதீர்கள்" என்றார். கலக்கவில்லை. நான் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு நாள் முழுக்கக் காக்கா, குருவி, பஸ் என்று வாய் வலிக்கக் கத்தினேன். குழந்தை என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. இவள் பேசவே மாட்டாளோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் எங்கள் இருவருக்கும் வேலை. அதனால் ஏழு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டது மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் அம்மா. நாங்கள் ஷூ மாட்டும்போது வருவார், நான் திரும்பியதும் கிளம்புவார். எங்களிடம் இங்கிலீஷில் பேசுவார், குழந்தையிடமும் அப்படியே பேசுவார் என்று நினைத்துக்கொண்டோம். தண்ணீருக்கும் பாலுக்கும் அவள் ஸ்பானிஷ் வார்த்தை சொல்வது தெரியும், அதைக் கேட்டுச் சிரிப்போம். மற்றதெல்லாம் எங்களுக்கு மழலை. போகும்போது அந்த அம்மா வாசலில் குனிந்து குழந்தையிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போவார். தினமும் என் காதில் விழும். நான் அதற்குள் குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.

சேலையூரில் குழந்தைக்குப் பிடித்த ஒரே விளையாட்டு அப்பாவின் ரிங்டோன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அது அடித்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு ஓடுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்ப்பாள். பிறகு மெதுவாகத் திரும்பி வருவாள். "பாரேன், தாத்தா ஃபோன்னா என்ன குஷி!" என்பார் அப்பா. சில சமயம் என் ஃபோனிலிருந்து தன் ஃபோனுக்குத் தானே அடித்து அவளை ஓடவிட்டு ரசிப்பார். நானும்தான் சிரித்தேன்.

அன்று காலை மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் கீழே இறங்கி வந்தாள். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மெக்சிகோ வாடிக்கையாளர்கள் ஃபோனில் திட்டுவதை ஸ்பானிஷிலேயே கேட்டு ஸ்பானிஷிலேயே சமாதானம் சொல்வதுதான் உத்தியோகம் என்று குடிவந்த அன்றே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். இது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

"அங்கிள், மோட்டார் போடறீங்களா? மேல தண்ணி வரல."

அப்பா எழுந்திருக்கும்போது அவர் ஃபோன் அடித்தது. குழந்தை இட்லியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது யாரு பேசறது?"

"இவதான். மழலை."

"மழலை எங்கக்கா? சுத்தமா ஸ்பானிஷ் பேசறா. என்னைவிட நல்லா பேசறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது டெஸ்ட் எடுத்த குழந்தை! வாய் பேசாது என்று ஊரே முடிவு கட்டிய குழந்தை! "என்ன சொல்றா?" என்றேன். என் குரல் எனக்கே அதட்டல் போலக் கேட்டது.

அவள் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொம்மைகிட்ட சொல்றாக்கா. 'அழக்கூடாது. சாயந்தரம் வர்றவங்க வந்துட்டாங்க. அவங்களோட சமத்தா இரு. விடிஞ்சதும் நான் வந்துடுவேன்.'" கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாயந்தரம் வர்றவங்கன்னா யாருக்கா?" என்று கேட்டாள்.

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வந்துவிடுவேன் என்று அந்த ரிங்டோனால் எங்கள் வீடே ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளிடம் சொல்லியிருக்கிறது! அப்பா ஃபோனை எடுத்து ரிங்டோனை மாற்றப் பார்த்தார். எங்கே மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் வாங்கி மாற்றிக் கொடுத்தாள்.

மெக்சிகோ அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. இங்கே காலை என்றால் அவருக்கு ராத்திரி. இருக்கட்டும் என்று வீடியோ காலில் கூப்பிட்டேன். திரையில் அந்த முகம் தெரிந்ததும் என் மகள் ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு பேசினாள். பேசினாள் என்றால் மடை திறந்த மாதிரி, மூச்சு விடாமல், கையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி, நடுநடுவே கோபித்துக்கொண்டு. இப்படி ஒரு குழந்தை என் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் பெற்ற பெண்ணை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கேக்கறா?" என்று மாடிப் பெண்ணின் கையைப் பற்றினேன்.

"விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு, ஏன் இன்னும் வரலன்னு கேக்கறாக்கா."

திரையில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை அவரைத் தேற்றுகிறவள் போல எழுந்து வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள். கேட்டைக் காட்டினாள். கரடியைக் காட்டினாள். மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் அசையாமல் நின்ற தாத்தாவைக் காட்டினாள். கடைசியாக ஃபோனை என் முகத்துக்கு நேராகத் திருப்பி ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த அம்மா அழுகையோடு தலையாட்டினார்.

மாடிப் பெண் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள். நான் விடவில்லை. "சொல்லு. என்னைப் பத்திதானே?"

"'இவங்கதான் சாயந்தரம் வர்றவங்க'ன்னு சொல்றாக்கா. 'இப்பல்லாம் பகல்லயும் இருக்காங்க.'"