பன்னிரண்டு பொத்தான்களும் ஓர் எண்டரும்

கட்டைவிரல் படுகிற பக்கத்தில் பன்னிரண்டு சின்னப் பொத்தான்கள் கொண்ட கறுப்பு மவுஸ் அது. வயர் கிடையாது, நகத்தளவு துண்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். நான்காம் பொத்தானிலும் ஏழாம் பொத்தானிலும் எண் தேய்ந்து மழுங்கியிருக்கும். தேய்த்தது என் மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், விரல். அண்ணன் கப்பல் எஞ்சினியர். வருஷத்தில் ஏழெட்டு மாதம் கடலில்தான். நாசரேத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த மைனி கணிதப் பட்டதாரி. மதியச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் உட்கார்ந்துவிடுவார். "பின்னால வாரான், பின்னால வாரான்!" என்று அவர் போட்ட கூச்சலில் ஒருநாள் அம்மா விளக்குமாற்றோடு கொல்லைக்கு ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பப் பெண் செய்கிற காரியமா இது என்று அண்ணனிடம் போனில் கோள் மூட்டினேன். "அவ பாட்டுக்கு வெளாடுதா, ஒனக்கு எங்க வலிக்கி?" என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

வலி பிறகு வந்தது, வேறு இடத்தில். துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக நான் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்கு ஆன்லைனில் பில் தயாரித்துச் சுங்கத்துறைக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஒரு காலையில் லாரி சிந்திவிட்டுப் போன உப்பில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்ததில், இடது கையில் மூன்று விரல் எலும்புகள் முறிந்தன. கட்டுப் பிரித்த பிறகும் அவை மடங்கவில்லை. மோதிரவிரல் பழையபடி ஆவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக் கையால் தட்டித் தட்டி, அரை மணி நேர பில்லுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தேன். முதலாளி அண்ணாச்சி கோபப்படவில்லை. "கை நல்லான பொறவு வா தாயி" என்றார். நல்லாகாவிட்டால் என் நாற்காலி போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் அழுதேன்.

"அழுதா வெரலு மடங்குமா? எந்திரிளா" என்றார் மைனி. தினமும் நான் திரும்பத் திரும்ப அடிப்பவை எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் குறித்தார். இறக்குமதியாளர் எண், எங்கள் லைசென்ஸ் எண், துறைமுகக் குறியீடு, நாட்டின் பெயர். அந்த மவுசுக்கென்று இருக்கும் சாப்ட்வேரைத் திறந்து, பொத்தானுக்கு ஒன்றாக அவற்றை ஏற்றினார். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு கட்டம் தானாக நிரம்பும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தச் சாப்ட்வேரை ஏற்ற அனுமதி இல்லை என்றேன். அப்படியானால் மவுசின் நினைவுக்குள்ளேயே பதிய வேண்டும் என்றார். அதிலோ இடம் கொஞ்சம்தான். நான்கு வருஷமாகத் தன் விளையாட்டுக்குப் பார்த்துப் பார்த்து அமைத்திருந்ததை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், அழித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அண்ணனிடம் கோள் மூட்டியது இந்த விளையாட்டைப் பற்றித்தான்.

அலுவலகத்தில் முதல் இரண்டு பில் ஓடிய ஓட்டத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது, முந்திரிக்கொட்டைச் சரக்கு. பழைய பில்லை நகல் எடுத்து வைத்துக்கொண்டு திருத்தி வந்தேன். மூட்டை எண்ணிக்கையை மாற்றுவதற்குள் ஏழாம் பொத்தானை அமுக்கினேன். நாட்டின் பெயர் விழுந்தது. கூடவே பில்லும் போய்விட்டது, பழைய எண்ணிக்கையோடு. திருத்தம் கேட்டு மனுப் போட்டேன். மறுநாள் மாலை வரை கண்டெய்னர் யார்டில் கிடந்தது. "பொத்தான அமுக்குற வேலயா தாயி இது? நாளயிலருந்து வீட்ல இரி" என்றார் அண்ணாச்சி.

அடுத்த நாள் காலை மைனி என்னை இழுத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். "அண்ணாச்சி, தப்பு இவ மேல இல்ல. வெளாட்டுல எத அமுக்குனாலும் ஒடனே பாயணும். அந்தப் பழக்கத்துல ஒவ்வொரு பொத்தானுக்கு கடசிலயும் நாந்தான் எண்டரச் சேத்து வச்சிட்டேன். கட்டம் காலியா கெடந்தா எண்டர் அனுப்பாது, நகல் பில்லுல எல்லாம் நெரம்பியிருந்ததால போயிட்டு."

"என்ன வெளாட்டு?"

"சுடுத வெளாட்டு."

அண்ணாச்சி மைனியின் காட்டன் சேலையையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அம்மாவா என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிறகு, "இன்னிக்கி ஒரு நா பாப்பம்" என்றார்.

எண்டரை எல்லாப் பொத்தானிலிருந்தும் மைனி முந்தின இரவே எடுத்திருந்தார். "நெரப்புறது பொத்தான் பாத்துக்கிடும். படிச்சுப் பாத்து அனுப்புறது நீதான். வலது கை மவுசுல இருக்கு, அதனால எண்டர எடது கையால அமுக்கு. அந்த வெரலாலயே அமுக்கு" என்று என் காதில் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்று ஐந்து பில். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை படித்தேன். பிறகு மோதிரவிரலை எண்டர் மேல் வைத்தேன். அது மடங்க மறுத்தது. கையையே சாய்த்து விரலைக் குத்தவேண்டியிருந்தது. சுருக்கென்று வலித்தது. ஆனால் பில் போயிற்று. ஐந்தும் தப்பில்லாமல் போயின. அண்ணாச்சி ஆறாவது பில்லுக்கான தாள்களை என் மேசையில் வைத்தார்.

இப்போது வாரநாட்களில் மவுஸ் எனக்கு. சனி மாலையும் ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்த பிறகும் மைனிக்கு. தன் விளையாட்டு அமைப்பை வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொண்டார். சார்ஜ் போட மறந்தால் இருவருக்கும் சண்டை. வெளியூர் போட்டி ஒன்றில் அவர் குழு ஜெயித்தபோது நான்தான் தெருவெல்லாம் சொன்னேன்.

போன மாதம் விரலைப் பார்த்த டாக்டர், முக்கால்வாசி மடங்குகிறதே, என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். மைனிக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் சாப்ட்வேரைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

"நீ இப்பம்லாம் தப்பே பண்ணுததில்லயே. எண்டரத் திரும்பச் சேத்துரட்டுமாளா? வேல இன்னும் வெரசா முடியும்."

"வேண்டாம் மைனி" என்றேன். "அத நானே அமுக்கிக்கிடுதேன்."